ஒரு பிடி மணலும் நாற்பது பாவு இழையும்: டேபஸ்ட்ரி நெய்யத் தொடங்குகிறவர்களுக்கு

நாகர்கோவில் வடசேரியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். பெரியம்மா திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து தார் சுற்றுவார். அவ்வளவு நூல் பார்த்தவரே, நான் டேபஸ்ட்ரி நெய்யப் போகிறேன் என்றதும், “அது என்ன மக்கா, சேலையா சமுக்காளமா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை, நூலால் ஆன படம் என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேட்டியிலும் சேலையிலும் ஊடை, அதாவது குறுக்கே போகும் நூல், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். டேபஸ்ட்ரியில் அப்படி ஓடாது. நீலம் தனக்குரிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும், பக்கத்தில் சிவப்பு தன் இடத்துக்குள் போய்த் திரும்பும். ஊடையை நெருக்கி இறக்குவதால் பாவு, அதாவது நெடுக்கே இழுத்துக் கட்டிய நூல், முழுவதும் மறைந்துவிடும். பவானி ஜமக்காளத்தில் பாவு மறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்துப் பைத்தானிச் சேலையின் முந்தானை மயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவதும் நிறங்கள் இப்படித் தன் தன் இடத்தில் திரும்புவதால்தான். பாரிஸில் பதினான்காம் லூயி காலத்தில், 1662இல், அரசே எடுத்து நடத்தத் தொடங்கிய கோப்ளான் பட்டறையில் சுவரை மூடும் படங்களை நெய்ததும் இதே முறையில். பேயோ டேபஸ்ட்ரி என்று உலகம் சொல்லும் நீண்ட துணி மட்டும் பெயருக்குத்தான் டேபஸ்ட்ரி. அது துணியின் மேல் போட்ட பூத்தையல்.

கையின் வேலையை ஒரு மாதத்தில் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். நிறத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது. அதனால் தறிக்கு முன்னால், செலவே இல்லாத ஒரு பழக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

தறிக்கு முன்: நூல் சுற்றிய அட்டை

காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். கையில் சின்ன நோட்டு, பென்சில், பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய அட்டைத் துண்டுகள். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அதன் கேமரா நிறத்தைத் தானாகவே மாற்றிவிடுகிறது. முட்டத்தின் செம்மண் மேடு போட்டோவில் சாதாரணப் பழுப்பாகிப்போகும்.

ஏதாவது ஒரு காட்சியின் முன் ஐந்து நிமிடம் நிற்பேன். அதில் எந்த நிறம் எத்தனை பங்கு என்று எழுதிக்கொள்வேன். முட்டத்தில் ஒரு சாயங்காலம் எழுதியது: வானம் நான்கு, கடல் மூன்று, பாறை இரண்டு, நுரை அரை, ஒரு வள்ளத்தின் ஓரத்து ஆரஞ்சு ஒரே ஒரு சுற்று. வீட்டுக்கு வந்ததும் இருக்கிற நூலில் அந்தப் பங்குப்படி அட்டையில் பக்கம் பக்கமாகச் சுற்றுவேன். படமெல்லாம் இருக்காது, வெறும் கோடுகள்தான். ஆனால் அந்த ஒரு சுற்று ஆரஞ்சை எடுத்துவிட்டால் மற்றவை எல்லாம் மங்கிப்போவது கண்ணுக்குத் தெரியும். தினம் ஒன்று, ஒரு மாதம் சுற்றுங்கள். அட்டையின் பின்னால் தேதியும் இடமும் எழுதுங்கள். பிறகு நான் நெய்த ஒவ்வொரு படமும் இந்த அட்டைகளில் ஒன்றிலிருந்து தொடங்கியதுதான்.

நிறக் கலப்பை எனக்குக் கற்றுத் தந்தது மணவாளக்குறிச்சிக் கடற்கரை. தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே மணல் கறுப்பு. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு, மோனசைட் மஞ்சள்பழுப்பு, நடுவில் கண்ணாடி போல் மின்னும் மணிகள். குமரி அம்மன் கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும்தான், கல்யாணம் நின்றுபோனதும் மணலாகிவிட்டன என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் சொல்வார்கள். அந்தச் சிவப்பு மணிகளைப் பார்த்தால் பருப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். டேபஸ்ட்ரியில் நிறம் கலப்பதும் இப்படியே. கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு நூலை மட்டும் எடுக்க வேண்டாம். கருநீலம் ஓரிழை, கரும்பச்சை ஓரிழை, காப்பிப்பழுப்பு ஓரிழை சேர்த்து ஒரே ஊடையாகப் போடுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் அது உயிருள்ள கறுப்பாகத் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் சாளரத்து வெளிச்சம் விழுந்து கிடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், இன்னும் நன்றாகப் புரியும். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

தோவாளைப் பூச்சந்தைக்கும் விடியற்காலையில் ஒருமுறையாவது போக வேண்டும். கனகாம்பரக் குவியலுக்குப் பக்கத்தில் மரிக்கொழுந்துக் கட்டு இருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சிவப்புக் கல் பதித்தது போல் வரிசை வரிசையாகக் கட்டுகிற மாணிக்கமாலையைக் கிட்டத்தில் பார்த்தால், பூவையும் நாரையும் வைத்துச் செய்த நெசவு என்றே சொல்லலாம்.

சட்டம், ஆணி, பாவு

தொடங்குவதற்குப் பெரிய தறி வேண்டாம். ஆசாரியிடம் சொல்லி 40 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கட்டை போதும். அயினி, பலா, தேக்கு எதுவானாலும் சரி. பழைய போட்டோ சட்டத்தில் தொடங்காதீர்கள். பாவின் இழுப்பில் மெல்லிய சட்டம் வளைந்துவிடும், வளைந்தால் நடுப்பாவு தொய்ந்துவிடும்.

மேல்கட்டையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 20 ஆணி, கீழ்க்கட்டையில் அதே போல் 20. ஒரே நேர்கோட்டில் அடித்தால் மரம் பிளந்துவிடும், அதனால் ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் மேலும் கீழுமாக அடியுங்கள். ஆணி துருப்பிடிக்காத எவர்சில்வராகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். கடற்காற்று படும் ஊரில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாதாரண இரும்பாணியில் நான் நெய்த ஒரு துண்டு மூன்று வாரத்தில் ஓரம் முழுக்கத் துருக்கறை ஏறி வீணாகிப்போனது. எவ்வளவு அலசியும் போகவில்லை.

பாவுக்கு இறுக்கமாக முறுக்கிய பருத்தி நூல், சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில். இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். பொட்டலம் கட்டும் நூல் அறுந்துவிடும், அது வேண்டாம். ஏறக்குறைய 20 மீட்டர் போதும். கீழ் முதல் ஆணியில் முடிந்து, மேலே, கீழே, மேலே என்று ஒவ்வோர் ஆணியையும் சுற்றிக்கொண்டு போனால் ஏறக்குறைய 40 பாவு இழை வரும். இழைகள் சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம், முதல் சில வரிசையில் நேராகிவிடும்.

இறுக்கம்தான் இதில் முக்கியம். முட்டம் துறைமுகத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் நான் பாவு ஏற்றத் தெரியாமல் திண்டாடுவதைச் சொன்னேன். அவர் வலையை விரித்துக் காட்டி, “ஒரு கண்ணியை இறுக்கினா அடுத்த கண்ணி தொங்கும் மக்கா. எல்லாத்துக்கும் ஒரே கைபலம் குடு” என்றார். உள்ளங்கையைப் பாவின் மேல் இடமிருந்து வலமாக மெல்ல அழுத்திக்கொண்டு போங்கள். எங்கேயாவது கை உள்ளே போனால் அந்த இழையை அங்கிருந்து இழுத்துச் சரிசெய்யுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தால் இறுக்கம் மாறும், தினமும் உட்காரும் முன் இப்படித் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒரு மரஸ்கேலை ஒன்றுவிட்டு ஒரு இழைக்கு அடியில் நுழையுங்கள். ஸ்கேலை நிமிர்த்தினால் ஊடை நுழைய ஒரு திறப்பு கிடைக்கும். மறு திறப்புக்கு, மிச்சமுள்ள ஒவ்வோர் இழையிலும் நூல் வளையம் போட்டு ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். தறிக்காரர்கள் சொல்லும் விழுது இதுதான். எனக்கு முதல் விழுது பெரியம்மா கட்டித் தந்தார். வளையங்கள் எல்லாம் ஒரே நீளத்தில் வர ஒரு தீப்பெட்டியை அளவாக வைத்துக் கட்டச் சொன்னார்.

ஊடைக்கு, ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் உல்லன் நூலோ, பல இழை சேர்த்த பருத்தி நூலோ போதும். எத்தனை இழை சேர்ப்பது என்பதற்கு ஒரே சோதனை: ஊடையை இரண்டு பாவு இழைகளுக்கு நடுவே வைத்தால் அந்த இடைவெளியை ஏறக்குறைய நிரப்ப வேண்டும். தடித்தால் பாவு மறையாது, மெலிந்தால் நெய்து மாளாது. எட்டுப் போடுவது போல் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் சுற்றி, நடுவில் கட்டி, சின்னச் சின்னக் கட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஓடம் கிடையாது, நூலை விரல்தான் கொண்டுபோகும்.

முதல் நான்கு துண்டுகள்

நேராகப் படத்துக்குப் போகாதீர்கள். முதல் துண்டு வெறும் கிடைக்கோடுகள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் பழைய துணிக் கிழிசலை நெய்து, அதற்கு மேல் தொடங்குங்கள். ஊடையை நேராக இழுத்துப் போட்டால் ஓரம் உள்ளே சுருங்கிவிடும். திறப்புக்குள் அதை வில் போல் மேலே வளைத்துவிட்டு, முதலில் நடுவிலும் பிறகு இரண்டு பக்கமும் முள்கரண்டியால் இறக்குங்கள். ஊடை பாவின் மேலும் கீழும் ஏறி இறங்க அந்த வளைவில் உள்ள கூடுதல் நூல்தான் இடம் தருகிறது. என் முதல் துண்டு அடியில் 20 சென்டிமீட்டர், உச்சியில் 15. மூன்று விரல் உயரத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது.

இரண்டாவது துண்டில் பக்கம் பக்கமாக இரண்டு நிறம். இங்கே ஒரு விதியை மனப்பாடமே செய்துவிடுங்கள்: பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒரே திறப்பில் எதிரெதிராக நடக்க வேண்டும். நீலம் வலப்பக்கம் போனால் சிவப்பு இடப்பக்கம் வர வேண்டும். இரண்டும் சந்திக்கும், அடுத்த திறப்பில் பிரியும். இரண்டையும் ஒரே திசையில் நடக்கவிட்டால், பிறகு எல்லையை நகர்த்தும்போது ஒரே திறப்பில் இரண்டு ஊடை மாட்டிக்கொண்டு பாவு வெளியே தெரியும். நான் இந்த விதி தெரியாமல் எத்தனையோ தடவை பிரித்து நெய்திருக்கிறேன். இரண்டு நிறமும் ஒரே இடத்தில் திரும்பிக்கொண்டே போனால் நடுவில் பிளவு விழும். பிளவின் நீளம் ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தால் அழகாகவே இருக்கும், விட்டுவிடலாம். அதைவிட நீளமானால் பின்பக்கம் தைத்துவிடுங்கள். அல்லது திரும்பும் இடத்தில் இரண்டு நூலையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல் மாட்டிவிடுங்கள்.

மூன்றாவதில் சாய்வு. வரிசைக்கு ஓர் இழை நகர்த்தினால் கிடையாகப் படுத்த சரிவு, நான்கு வரிசைக்கு ஒரு முறை நகர்த்தினால் செங்குத்தான சரிவு. மருந்துவாழ்மலையின் விளிம்பை ஒரு தாளில் ஒரே கோடாக வரைந்து, அதை மட்டும் நெய்து பாருங்கள். சாய்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கைவிரல்களைக் கோத்தது போல் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் கூரான நாக்குகளாக நுழைப்பது. எல்லைக்கோடு கரைந்து, நடுவில் நம்மிடம் நூலே இல்லாத மூன்றாவது நிறம் தோன்றும். சித்ரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும்போது கன்னியாகுமரி வானத்தில் சிவப்பு எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது அல்லவா? அந்த இடத்தை நெய்வது இப்படித்தான்.

படம் எடுக்கும்போது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும்தான் முதலில் நெய்ய ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் கணக்கு ஒத்துவராது. நம் சட்டத்தில் அகலத்துக்கு 40 இழைதான். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு முகம் வந்தால் அதற்குக் கிடைப்பது நான்கு இழை. நான்கு இழையில் கண்ணும் மூக்கும் வராது. பெரிய உருவங்களை எடுங்கள்: பாறை, பாய், வாழையிலை, மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் ஒரு தூணும் அதன் நிழலும்.

படத்தை உண்மை அளவிலேயே தாளில் தடித்த கோட்டில் வரைந்து பாவுக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். கட்டும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள். கிடைக்கோடு நெய்வது சுலபம், நெட்டுக்கோடு பிளவாக விழும். தென்னை மரம் வேண்டுமென்றால் படத்தைப் படுக்க வைத்து நெய்து, முடிந்தபின் நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். நடுக்கால ஐரோப்பாவின் பெரிய டேபஸ்ட்ரிகளையும் பெரும்பாலும் பக்கவாட்டில் வைத்துத்தான் நெய்தார்கள். கடற்கோடு முக்கியமா, தென்னை முக்கியமா என்று முதலில் முடிவு செய்துவிட்டால் படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் குழப்பம் இருக்காது.

சில படம் முடித்த பிறகு, தாளே இல்லாமல் ஒன்று நெய்யுங்கள். எகிப்தில் கீஸா அருகே ஹர்ரானியா கிராமத்தில் ராம்சிஸ் விஸா வாசெஃப் என்ற கட்டடக் கலைஞர் 1950களில் கிராமத்துக் குழந்தைகளுக்குத் தறி கொடுத்தார். முன்கூட்டி வரையக் கூடாது, வேறு படத்தைப் பார்த்துச் செய்யக் கூடாது, பெரியவர்கள் குறை சொல்லக் கூடாது. இவ்வளவுதான் விதி. அங்கே நெய்த மரங்களும் பறவைகளும் உலகமெங்கும் கண்காட்சிக்குப் போயின. மூன்றாவது விதியை நம் வீடுகளிலும் கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும் என்று மனதார நினைக்கிறேன்.

அன்றாடம்

எனக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. நிறம் தேர்வதையும் இழை சேர்ப்பதையும் காலை வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில் முடித்துவிடுகிறேன். டியூப்லைட்டில் பச்சையும் நீலமும் ஏமாற்றும். நெசவு சாயங்காலம். உள்ளங்கை அளவுக்கு நெய்ய நான்கைந்து சாயங்காலம் ஆகும். அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள், முதுகுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

எதுவுமே தோன்றாத நாளும் வரும். அந்த நாட்களுக்காகச் சட்டத்தின் ஓரத்தில் நான்கு இழை அகலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அன்றைய வானத்தின் நிறத்தில் அதில் ஒரு விரற்கடை நெய்துவிட்டு எழுந்துவிடுவேன். ஆனி, ஆடிச் சாரலில் அந்தப் பட்டை சாம்பலாகவே ஏறிக்கொண்டு போய், ஆவணியில் திடீரென்று நீலமாகியிருக்கிறது. படத்தைவிட அந்தப் பட்டையைத்தான் பலர் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சாயம் பற்றி இரண்டு வார்த்தை. கடையில் வாங்கிய சிவப்பு நூலை நம்பி நெய்து, ஈரம் பட்டதும் வெள்ளைப் பகுதியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. இப்போது எந்த நூலையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் எடுப்பதில்லை. வீட்டில் சாயமேற்ற ஆசைப்பட்டால் மஞ்சளில் தொடங்காதீர்கள், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். ஐரோப்பாவின் பழைய டேபஸ்ட்ரிகளில் இலைகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணமும் இப்படித்தான். நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிச் செய்த பச்சை அது. காலப்போக்கில் மஞ்சள் மட்டும் வெளுத்து நீலம் நின்றுவிட்டது. கடுக்காய், பாக்கு, தேங்காய்க் கதம்பல் (தேங்காய் மட்டை) இவற்றின் பழுப்பு நிறங்கள் மஞ்சளைவிட நன்றாக நிற்கின்றன.

இறக்கும்போது

மேலேயும் இரண்டு சென்டிமீட்டர் கிழிசல் துணி நெய்து முடியுங்கள். பாவை ஒரேயடியாக வெட்டாமல், நடுவிலிருந்து இரண்டிரண்டு இழையாக வெட்டி, அப்போதைக்கு அப்போதே முடிச்சுப் போடுங்கள். பிறகு கிழிசலைப் பிரித்தெடுத்து, முடிச்சைப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்தி இறுக்குங்கள். நூல் நுனிகளைப் பின்பக்கம் ஒரு விரற்கடை விட்டு வெட்டினால் போதும். பருத்தி, கம்பளி என்றால் ஈரத்துணியை மேலே போட்டு லேசாக இஸ்திரி வைக்கலாம். உல்லன் என்று விற்பதில் பாதி அக்ரிலிக், சூடு பட்டால் தட்டையாகிப் பளபளக்கத் தொடங்கிவிடும். அதற்கு இஸ்திரி வேண்டாம், கனமான புத்தகங்களை ஓர் இரவு அடுக்கி வையுங்கள்.

பின்பக்க மேல் ஓரத்தில் ஒரு துணிப்பட்டையைக் குழாய் போல் தைத்து, அதில் மூங்கில் குச்சி செருகித் தொங்கவிடுங்கள். நேர்வெயில் விழாத சுவராக இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், சுவர் வேர்க்கும். அதனால் குச்சியின் இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கட்டைத் துண்டு ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் துணிக்கும் நடுவில் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.